முதல் சனிக்கிழமை, பதினோரு மணி

கோவிந்தராஜைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்? பூனாவில், வானவடியில் இருக்கிற எங்கள் சொசைட்டியில் எழுபத்திரண்டு வீடு. அதில் அவர் பெயரை முழுசாகச் சொல்லத் தெரிந்தவர்கள் ஐந்து பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு அவர் 'ஜெனரேட்டர்வாலா'. நான் அந்த சொசைட்டியின் செகரட்டரி, வைஜயந்தி ஜோஷி. வயது அறுபத்து நாலு. ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கிறேன். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யில்லை.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சொந்த ஊர் பேர்ணாம்பட்டு. போபோடியில் ஒரே ஒரு அறையில் குடியிருந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவார். இத்தனை வருஷம் மிஷின் பக்கத்திலேயே நின்றதில் இடது காது போய்விட்டது. நாம் பேசினால் வலது காதைத் திருப்பிக் காட்டுவார். அதனாலேயே எல்லோரும் அவரிடம் கத்துவார்கள். கேட்கிற தூரத்தில் நின்றாலும் கத்துவார்கள். நானும் கத்தியிருக்கிறேன்.

கட்டடத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஜெனரேட்டர் அறை. திங்கட்கிழமை பேட்டரியைத் துடைத்து, திருகுகளை முடுக்குவார். சனிக்கிழமை பத்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்பார். மாதத்தின் முதல் சனிக்கிழமை பதினோரு மணிக்குத்தான் பெரிய பரீட்சை. மெயின் கரெண்டைத் தானே நிறுத்திவிட்டு, இரண்டு லிஃப்ட், தண்ணீர் மோட்டார், வீட்டு விளக்குகள் எல்லாவற்றின் பாரத்தையும் ஜெனரேட்டர் மேல் ஏற்றி அரை மணி நேரம் ஓட்டுவார். லோடு கொடுப்பது என்று அதற்குப் பெயர். மாறும்போது பத்து விநாடி எல்லா வீட்டிலும் கரெண்டு போய் வரும்.

அதற்கு முன்னால் எழுபத்திரண்டு வீட்டுக்கும் இன்டர்காமில் சொல்லிவிடுவார். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. அவராக வைத்துக்கொண்ட வழக்கம் அது. ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் முடிக்கப் பத்தரை ஆகும். "கியாரா பஜே லைட் ஜாயேகி, லிஃப்ட் மத் லீஜியே." பதினோரு மணிக்கு லைட் போகும், லிஃப்டில் ஏறாதீர்கள். பாதிப் பேர் அவர் முடிப்பதற்குள் வைத்துவிடுவார்கள். நான் மட்டும் கடைசி வரை கேட்டு, "டீக் ஹை", சரி, என்று சொல்லி வைப்பேன். என் வீட்டு இன்டர்காம் மாதத்துக்கு அந்த ஒரு தடவைதான் அடிக்கும். அன்றைக்கு ஒன்பது மணிக்கு மேல் நான் குளிக்கப் போகமாட்டேன், உள்ளே இருக்கும்போது அடித்துவிடுமோ என்று. இதை அப்போது யாராவது சொல்லிக் காட்டியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லித் தொலைக்கிறேன். நானும் தமிழ்தான். இதே பூனாவில், கேம்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கிருஷ்ணஸ்வாமி ராணுவக் கணக்கு ஆபீசில் இருந்தார். ஜோஷியைக் கல்யாணம் செய்துகொண்டதும் வாசல் பலகை மராத்திக்கு மாறியது, நாக்கும் கூடவே மாறியது. ஜோஷி போய் நாலு வருஷமாகிறது. பையன் ஸ்ரேயஸ் பெங்களூரில். அவனுக்குத் தமிழ் புரியும், பேசச் சொன்னால் திக்குவான். கோவிந்தராஜ் இங்கே வேலை பார்த்த ஆறு வருஷமும் அவரிடம் நான் ஹிந்தியில்தான் பேசினேன், அதுவும் நீ என்கிற மாதிரி 'தும்' போட்டு. நானும் தமிழ் என்று தெரிந்தால் உரிமை எடுத்துக்கொள்வார், லீவு கேட்பார், ஊர்க்கதை பேசுவார் என்று பயம். என்ன பெரிய ராஜ்ஜியத்தை ஆண்டுகொண்டிருந்தேனோ!

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அக்டோபர். ஏழாவது மாடி நிர்மலுக்கு அன்று பதினோரு மணிக்கு வீட்டிலிருந்தபடியே ஒரு வேலை இன்டர்வியூ. கோவிந்தராஜ் காலையில் போன் செய்தபோது, "ஹாங் ஹாங்" என்று சொல்லிப் பாதியிலேயே வைத்துவிட்டான். சரியாகப் பதினோரு மணிக்கு இன்டர்நெட் அறுந்தது. அவன் கீழே இறங்கி வந்து போட்ட கூச்சலில் நாய்களெல்லாம் குரைத்தன. சொசைட்டி வாட்ஸ்அப்பில் மளமளவென்று முப்பது மெசேஜ். இந்தக் காலத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள், இந்த ஆள் ஏன் மாதா மாதம் கரெண்டைப் பிடுங்குகிறான், செகரட்டரி என்ன செய்கிறார்?

செகரட்டரி என்ன செய்தாள் தெரியுமா? சாயங்காலமே ஜெனரேட்டர் அறைக்குப் போய், மிஷின் ஓடிய கணக்கை எழுதும் லாக் புத்தகத்தை வாங்கி, 'இனி லோடு வேண்டாம். வாரம் பத்து நிமிடம் சும்மா ஓட்டினால் போதும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கோவிந்தராஜ் பொறுமையாக ஹிந்தியில் எடுத்துச் சொன்னார். சும்மா ஓடும் இஞ்சின் சரியாகச் சூடாகாது. டீசல் முழுசாக எரியாது. எரியாதது கருப்புக் களிம்பாக உள்ளே படிந்துகொண்டே போகும். ஒருநாள் நிஜமாகவே பாரம் ஏறும்போது மூச்சு முட்டி நின்றுவிடும். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட், மாதம் ஒரு தடவை லோடு, வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் என்று விரலை மடக்கினார். லோடுக்கு மடக்கிய விரலைப் பிடித்துக்கொண்டு, "இதை மட்டும் எடுக்காதீர்கள் மேடம்" என்றார்.

"ஜித்னா போலா உத்னா கரோ" என்றேன். சொன்னதை மட்டும் செய் என்று. திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

லோடு இல்லையென்றால் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதும் இல்லை. நவம்பர் முதல் சனிக்கிழமை குளிக்காமல் காத்திருந்தேன், இன்டர்காம் அடிக்கவில்லை. சுருக்கென்று இருந்தது. அதற்குக் காரணம் நானேதான் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

ஜனவரியில் நல்ல குளிர். ஒரு சனிக்கிழமை காலை வாட்ச்மேன்கள் இரண்டு பேர் தலை ஈரத்தோடு, சோப்பு வாசனையோடு, வாயெல்லாம் பல்லாக எதிரே வந்தார்கள். கையில் ஆவி பறக்கும் வாளி. எங்கிருந்து வெந்நீர் என்று பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அறைக்கு வெளியே வரிசையாக எட்டு டிரம், ஒவ்வொன்றிலும் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு ஹீட்டர் ராடு. கோவிந்தராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீஸர் வந்த பிறகு வீடுகளில் தூக்கிப்போட்ட பழைய ராடுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறார் மனுஷன். எட்டு ராடும் சேர்ந்து பதினாறு கிலோவாட், இந்த மிஷினுக்கு மூன்றில் ஒரு பங்கு லோடு, அது போதும் என்றார். எந்த வீட்டுக்கும் போகிற வயரைத் தொடவில்லை, யார் வீட்டிலும் விளக்கு ஒரு சிமிட்டுகூடச் சிமிட்டாது, மூன்று மாதமாக இப்படித்தான் ஓட்டுகிறேன், யாருக்காவது தெரிந்ததா மேடம் என்று கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். சொசைட்டி டீசலில் வாட்ச்மேன்கள் வெந்நீர் குளிக்கிறார்கள்! தண்ணீரில் கரெண்டை விட்டு எவனாவது செத்தால் ஜெயிலுக்கு யார் போவது என்று கத்தினேன். அது நியாயமான கேள்விதான், ஆனால் என் கோபத்துக்குக் காரணம் அது இல்லை. வாட்ச்மேன்களின் சிரிப்புதான் காரணம். ராடுகளை உடனே எடுக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, எட்டையும் கயிற்றால் கட்டி, ஐந்தாவது மாடி வரை தானே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். பரணில் போட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் லாக் புத்தகத்தில் 'பத்து நிமிடம், லோடு இல்லை' என்று ஹிந்தியில் எழுதினார். நான் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வெயில் காலம் முழுக்கக் கரெண்டு போனாலும் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது, ஜெனரேட்டர் பாரம் தூக்கவேண்டி வரவில்லை. ஜூன் முதல் வாரம்தான் சரியான மழை பிடித்தது. மாலை நாலு மணி. காய்கறிப் பையோடு லிஃப்டில் போய்க்கொண்டிருந்தேன். நாலாவது மாடி தாண்டியதும் பொட்டென்று இருட்டு. லிஃப்ட் நின்றது. சரி, ஜெனரேட்டர் வரும் என்று நின்றேன். வந்தது. விளக்கு எரிந்தது, லிஃப்ட் ஒரு சாண் ஏறியது. உடனே எங்கோ கீழே இஞ்சின் இருமுகிற சத்தம், ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவரைத் தடவி லிஃப்ட் போனை எடுத்தேன். யாரோ ஹிந்தியில் "ஹலோ" என்றார்கள். ஹிந்தி, மராத்தி, இங்கிலீஷ் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"ஐயோ, யாராவது வந்து கதவைத் திறங்கோளேன்! எனக்கு மூச்சு முட்டறது!" என்று தமிழில் அலறினேன்.

மறுமுனையிலிருந்தும் தமிழில் பதில் வந்தது.

"பயப்படாதீங்கம்மா. நான் கோவிந்தராஜ். மேல காத்து வர ஓட்டை இருக்குது, மூச்சு முட்டாது. பையைக் கீழ வெச்சுட்டு உக்காருங்க."

உட்கார்ந்தேன். கொஞ்சம் மூச்சு வந்தது. "நான் தமிழ்னு உங்களுக்கு..."

"ஆறு வருஷமாத் தெரியும்மா. நான் சேந்த புதுசுல ஃபோன்ல யாரையோ 'சனியனே, சனியனே'ன்னு திட்டிக்கினே லிஃப்ட்ல இருந்து எறங்கினீங்க."

"அது எங்க அக்கா" என்றேன். அந்த இருட்டிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப ஏன் ஒருநாள்கூட எங்கிட்ட தமிழ்ல பேசலை?"

"நீங்க பேசலியேம்மா."

லிஃப்ட் கம்பெனி ஆளுக்குச் சொல்லியாயிற்று, மழையில் மரம் விழுந்து ரோடு அடைத்திருக்கிறது, வர முக்கால் மணி நேரமாகும், அவன் வராமல் நாமாகக் கதவை நெம்பக்கூடாது என்றார். "அதுவரைக்கும் நான் ஃபோனை வெக்கமாட்டேன். நீங்க பேசிக்கினு இருங்க."

"எனக்கு நாக்கு ஒட்டிண்டுடுத்து. நீங்க பேசுங்கோ."

அப்படித்தான் அவர் கதை எனக்குத் தெரிந்தது. பத்தொன்பது வயதில் கட்கியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்த பெரியப்பா மகனை நம்பி ரயில் ஏறியிருக்கிறார். அந்தப் பெரியப்பா மகன் மூன்றே மாதத்தில் துபாய் போய்விட்டான். பிறகு கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் சேர்ந்தார். அவருடைய ஜெனரேட்டர் வண்டியோடு இருபத்தாறு வருஷம்.

"பூனாவுல நடந்த கல்யாணத்துல பாதிக்கு நான் போயிருக்கேம்மா. ஒரு பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சியும் பாத்ததில்ல. மண்டபத்துக்குப் பின்னாலதான் நம்ம வண்டி நிக்கும். மிஷினை வுட்டு நகரக்கூடாது. பொட்டலம் கட்டிச் சாப்பாடு அனுப்புவாங்க. சில நாள் மறந்துருவாங்க."

"உங்க கல்யாணம்?"

"எங்கம்மா மூணு தடவை பொண்ணு பாத்துது. நல்ல நாளாப் பாத்துக் கடுதாசி போடும். நல்ல நாள்னா ஊருக்கெல்லாம் நல்ல நாள்தானேம்மா? வண்டி ஆறு மாசம் முன்னாடியே புக் ஆயிருக்கும். முதலாளி வுடமாட்டாரு. தேதி தள்ளுங்க, தேதி தள்ளுங்கன்னு நானும் எழுதுவேன். எத்தினி தடவைதான் தள்ளுவாங்க? மாப்பிள்ளைக்கு இஷ்டமில்ல போலன்னு வேற எடத்துல குடுத்துட்டாங்க. அப்புறம் அம்மாவும் போயிருச்சு, வயசும் போயிருச்சு."

டீசல் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் இதையும் சொன்னார். நானும் சொன்னேன், யாரிடமும் சொல்லாததை. முதல் சனிக்கிழமை இன்டர்காம் அடிக்காதா என்று குளிக்காமல் உட்கார்ந்திருப்பதை.

"எழுபத்திரண்டு வூட்டுல நீங்க ஒருத்தங்கதாம்மா முழுசாக் கேட்டுட்டு வெப்பீங்க" என்றார்.

"கோவிந்தராஜ், தப்பு என்னோடது. நான்தானே லோடு வேண்டாம்னு எழுதினேன். மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. பையில தண்ணி வெச்சிருக்கீங்களா?"

லிஃப்ட்காரன் வந்து கதவைத் திறந்தபோது ஐந்து மணி ஆகிவிட்டது. கரெண்டு வர ராத்திரி ஆனது.

மறுநாளே ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். கீழே ஹாலில் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். எட்டாவது மாடிப் பெரியவரை நாற்காலியில் வைத்து மேலே தூக்கிப் போகவேண்டி வந்தது என்று ஒருவர், மேலே தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று இன்னொருவர். எல்லோருக்கும் பழிபோட ஒரு ஆள் வேண்டியிருந்தது. கோவிந்தராஜைக் கூப்பிட்டு விட்டார்கள். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வந்து கதவோரம் நின்றார். வலது காது எங்கள் பக்கம் திரும்பியிருந்தது.

"மாதா மாதம் லோடு கொடுத்தாயா?" என்று நிர்மல் ஹிந்தியில் கத்தினான். ஆமாம், அதே நிர்மல்தான்!

"நஹீ கியா" என்றார். கொடுக்கவில்லை.

"க்யூன்?" ஏன் என்று.

அவர் என்னைப் பார்த்தார். லாக் புத்தகம் என் மடியில் இருந்தது. அக்டோபர் பக்கத்தில் என் கையெழுத்து. எடுத்துப் பிரித்தால் முடிந்தது. ஹாலில் ஃபேன் சத்தம்கூடக் கேட்டது. வாயைத் திறந்தேன். "லாக் புக் பார்க்கவேண்டும்" என்று மராத்தியில் முனகினேன், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே! பத்து எண்ணுகிற நேரம் அவர் காத்திருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை முதல் ஒரு ஏஜென்சியிடம் வேலையைக் கொடுப்பது என்று முடிவானது. கோவிந்தராஜ் சாவிக் கொத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். ஏன் பேசவில்லை என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பயந்தேன். அவ்வளவுதான், வேறு காரணம் கிடையாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஏஜென்சி ஆட்கள் இஞ்சினைக் கழற்றினார்கள். அவர் சொன்னபடியே உள்ளே கருப்புக் களிம்பு. சுத்தம் செய்து மாட்டிவிட்டு, மாதம் ஒரு தடவை கட்டாயம் லோடு கொடுக்கவேண்டும் என்று காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அன்றைக்குக் கூச்சல் போட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நிர்மல் கைதட்டினான். ஜூலை முதல் சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்தது. பதினோரு மணிக்கு விளக்கு அணைந்து பத்து விநாடியில் எரிந்தது. நான் குளிக்காமல் இன்டர்காம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தபடியே அழுதேன்.

ஆகஸ்ட் மீட்டிங்கில் லாக் புத்தகத்தின் அந்த அக்டோபர் பக்கத்தை எழுந்து நின்று படித்தேன். "ஜானே தீஜியே ஆன்ட்டி, புரானி பாத் ஹை" என்றான் நிர்மல். விடுங்கள், பழைய கதை. மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏஜென்சிக்கு ஒரு வருஷம் எழுதிக் கொடுத்தாயிற்று, அவரைத் திரும்ப எடுக்க வழியில்லை என்றார்கள். போபோடிக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அறை பூட்டியிருந்தது. மறுபடி ஜெனரேட்டர் வண்டிக்குப் போகிறார், எப்போது வருவார் என்று சொல்லமுடியாது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. போன் செய்தால் அடித்துக்கொண்டே இருக்கும். மிஷின் பக்கத்தில் நிற்கிறவருக்கு எங்கே கேட்கப்போகிறது?

இந்த வருஷம் தை மாதம், என் சித்தி பையன் பாலசுப்ரமணியனின் பெண் தேஜஸ்வினிக்குக் கேம்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். தாலி கட்டி முடிந்து முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. நாதஸ்வரம் நின்ற நேரத்தில் பின்பக்கத்திலிருந்து இஞ்சின் சத்தம் கேட்டது. ஒரு தட்டில் சாதம், சாம்பார், கறி, ஜாங்கிரி எல்லாம் வாங்கிக்கொண்டு சமையல்கட்டு வழியாகப் பின்னால் போனேன். அவர்தான். இளைத்திருந்தார். வண்டி ஓரம் ஸ்டூல் போட்டு, வலது காதை மிஷின் பக்கம் கொடுத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கம்மா" என்றது உதட்டசைவில் தெரிந்தது.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அவர் வலது காதைத் திருப்பினார். "என்னம்மா?" மறுபடி சொன்னேன். தலையை ஆட்டினார், கேட்கவில்லை என்று. ஆறு வருஷம் இந்த மனுஷனிடம் தமிழை ஒளித்து வைத்தவள் நான். பட்டுப் புடவையும் கையில் தட்டுமாக நின்று அடித் தொண்டையிலிருந்து கத்தினேன்.

"தப்பு என்னோடது! லோடு வேண்டாம்னு எழுதினது நான்! ராடைப் பிடுங்கினது நான்! அன்னிக்கு மீட்டிங்ல வாயை மூடிண்டு உக்காந்திருந்ததும் நான்தான்!"

சமையல்காரர்கள் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஜன்னலில் சொந்தக்காரர்கள் தலைகள். கோவிந்தராஜ் என் கையிலிருந்து தட்டை வாங்கி, சிந்தாமல் வண்டிப் படியில் வைத்தார். பிறகு கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அந்தக் குரலில் கோபம் துளிகூட இல்லை.

"எதுக்கும்மா இவ்ளோ கத்துறீங்க? அன்னிக்கு மெதுவாச் சொல்லியிருந்தாலே எனக்குக் கேட்டிருக்கும். அந்த ஹால்ல மிஷின் எதுவும் ஓடலியே."